நாடாளுமன்றம் செல்ல யாருக்குத் தகுதி? ஜவ்வாது மலை மாணவர்களுக்குச் சொல்லப்படாத பாடம்

2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலையின் புலியூரிலிருந்து வந்த ஒரு செய்தியைத் தமிழ்நாடே கொண்டாடியது. மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஸ்ரீபதி, அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றிருந்தார். குழந்தை பெற்ற ஓரிரு நாட்களிலேயே சென்னைக்குப் பயணப்பட்டுத் தேர்வெழுதியவர் அவர். அப்போது அவருக்கு வயது 23. அடுத்த இரண்டு மாதங்களில், ஏப்ரல் 19 அன்று, தமிழ்நாடு மக்களவைத் தேர்தலுக்கு வாக்களித்தது. ஒரு வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புரைக்கத் தகுதி பெற்ற அதே வயதில், ஒருவர் அந்தத் தேர்தலில் வேட்புமனு தாக்கல் செய்ய முடியாது. சட்டத்திற்குப் பொருள் சொல்லலாம். சட்டத்தை இயற்றும் அவைக்குப் போட்டியிட இன்னும் இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இந்த முரணை நம் வகுப்பறைகள் பேசுவதில்லை. நாடாளுமன்ற உறுப்பினராவதற்கான தகுதிகள் என்பது பள்ளிச் சமூக அறிவியலில் ஒரு சிறு பட்டியல்; போட்டித் தேர்வுக் கையேடுகளில் அது ஒரு மதிப்பெண் வினா. மக்களவைக்கு 25, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவருக்கு 35 என்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டு மாணவர்கள் அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியல் தன்னைப் பற்றியது என்று உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் ஒரு மலைவாழ் மாணவிக்கு யாரும் சொல்வதில்லை. ஜமுனாமரத்தூரை ஒட்டிய சிற்றூர்களில் சட்ட விழிப்புணர்வு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் நான் ஒரு கேள்வியைக் கேட்பது வழக்கம்: "எம்.பி. ஆவதற்கு என்ன தகுதி வேண்டும்?" பட்டப்படிப்பு வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நிறையச் சொத்து வேண்டும் என்று சிலர். எவர் மீதும் வழக்கு இருக்கக் கூடாது என்று ஒரு குரல் தயங்கித் தயங்கி வரும். ஒவ்வொரு முறையும் தவறாமல் வரும் விடை ஒன்று உண்டு: "நம்ம ஆளுங்க நிக்க முடியாது, இது பொதுத் தொகுதி."

நான்குமே தவறான விடைகள். ஆனால், நான்கும் அவர்கள் கண்ணால் கண்ட உலகத்திலிருந்து வந்த விடைகள். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, சட்டம் சொல்லாத எது அவர்களைத் தடுக்கிறது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் சொல்வது வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. அரசமைப்பின் 84ஆம் உறுப்பு மூன்றே கூறுகளைக் கொண்டது. இந்தியக் குடிமகனாக, குடிமகளாக இருந்து, அரசமைப்புக்கு உண்மையாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். மக்களவைக்கு 25 வயதும் மாநிலங்களவைக்கு 30 வயதும் நிறைந்திருக்க வேண்டும். நாடாளுமன்றம் சட்டத்தின் வழியாக விதிக்கும் பிற தகுதிகளைப் பெற்றிருக்க வேண்டும். அந்தப் பிற தகுதி 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 4ஆம் பிரிவில் இருக்கிறது: நாட்டின் ஏதேனும் ஒரு நாடாளுமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தனித்தொகுதி என்றால் அந்தப் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அவ்வளவுதான். படிப்பு, சொத்து, சொந்த ஊர், மொழி எதுவும் கேட்கப்படவில்லை. ஜவ்வாது மலையில் வாக்குரிமை உள்ள ஒருவர் வாரணாசியில் போட்டியிடலாம்.

(வேட்பாளராகும்போதே உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற விதி முதலில் இருக்கவில்லை. 1963இல் 16ஆம் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. தி.மு.க.வின் திராவிட நாடு கோரிக்கையை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்ட திருத்தம் அது. தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதைச் சொன்னால் பட்டியலின் முதல் வரிக்கே உயிர் வந்துவிடும்.)

இவ்வளவு குறைவாகக் கேட்டது கவனக்குறைவினால் நேர்ந்ததா? இல்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் கீழ் வாக்குரிமைக்கே சொத்தும் வரியும் படிப்பும் அளவுகோல்களாக இருந்தன. மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்கு அளவினரே வாக்காளர்கள். நிலமும் பள்ளியும் மறுக்கப்பட்ட மக்களுக்கு அந்த அளவுகோல் எதைச் செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தறிவின்மையை அறிவின்மையாகக் கருதுவது பிழை என்று அண்ணல் அம்பேத்கர் சைமன் ஆணையக் காலத்திலேயே வாதிட்டு, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டார்.

ஆனால், வாக்களிப்பதும் வேட்பாளராவதும் ஒன்றல்ல என்றும் அவர் கருதினார். 1949 மே 18 அன்று அரசியல் நிர்ணய சபையில் இன்றைய 84ஆம் உறுப்பின் முன்வடிவை முன்மொழிந்து பேசியபோது, சட்டமன்றத்திற்குச் செல்பவருக்கு வெறும் வாக்காளரைவிடக் கூடுதலான தகுதி இருப்பது நல்லது, உலகியல் விவகாரங்களில் அனுபவமும் அறிவும் தேவை என்றே வாதிட்டார். நமக்கு வசதியான அம்பேத்கரை மட்டும் மாணவர்களுக்குக் காட்டுவது நேர்மையல்ல என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். ஆனால், அந்த அனுபவத்தை அளக்க அவர் முன்வைத்த கருவி எது என்று பார்க்க வேண்டும்: வயது. பட்டமும் இல்லை, பட்டாவும் இல்லை. வயது எல்லோருக்கும் ஒரே வேகத்தில் கூடுகிறது. பிறப்பால் ஒருவருக்கு முன்னதாகவும் மற்றவருக்குப் பின்னதாகவும் வருவதில்லை. அந்த விவாதத்தில்தான், மேலவைக்கு 35 என்று முன்மொழியப்பட்ட வயதை துர்காபாய் 30ஆகக் குறைக்க வைத்தார். சட்டமியற்றுவோருக்குக் கல்வித் தகுதி விதிக்க முடியாமல் போனதை இராஜேந்திர பிரசாத் 1949 நவம்பர் 26 அன்று தம் நிறைவுரையில் ஒரு குறையாகவே பதிவுசெய்தார். அந்தக் குறைதான் நம் மக்களுக்குக் கிடைத்த கதவு.

அந்தக் கதவை மூடும் முயற்சி இன்னும் நடக்கிறது. 2015இல் அரியானா அரசு ஊராட்சித் தேர்தலில் போட்டியிடப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு, பட்டியல் சாதிப் பெண்கள் ஊராட்சி உறுப்பினராக ஐந்தாம் வகுப்பு. வீட்டில் பயன்பாட்டில் உள்ள கழிப்பறை வேண்டும், மின்கட்டண பாக்கி இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று, ராஜ்பாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தைச் செல்லும் என்றது. நன்மை தீமையைப் பகுத்தறியும் ஆற்றலைக் கல்வியே தருகிறது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. பள்ளிக்கூடம் கட்டித் தராத அரசு, பள்ளிக்குப் போகாதவரைத் தண்டிக்க அனுமதிக்கும் இத்தீர்ப்பை நான் சட்டக் கல்லூரி மாணவர்களிடம் எப்போதும் வாசிக்கச் சொல்கிறேன். அரியானாவில் எட்டாம் வகுப்புத் தேறாத தலித் ஆண் ஒருவர் ஊராட்சி உறுப்பினராக முடியாது, மக்களவை உறுப்பினராகலாம். இராஜஸ்தான் இப்படியொரு சட்டத்தைக் கொண்டுவந்து, 2019இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. "படித்தவர்கள்தான் நாடாளுமன்றம் போக வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் பகிரும் நண்பர்களுக்கு, பள்ளிப் படிப்பை முடிக்காத காமராசர் அரசியல் நிர்ணய சபையிலும் மக்களவையிலும் உறுப்பினராக இருந்தவர் என்று நினைவூட்டினாலே போதும்.

இனி, பொதுத் தொகுதி பற்றிய அந்த விடைக்கு வருவோம். தனித்தொகுதி அல்லாத இடங்கள் "மற்றவர்களுக்கானவை" என்ற எண்ணம் மலையில் மட்டுமல்ல, சமவெளியின் சேரிகளிலும் கல்லூரி விடுதிகளிலும் ஆழப் பதிந்திருக்கிறது. பொதுத் தொகுதிகளில் தலித்துகளையோ பழங்குடியினரையோ நிறுத்தத் தயங்கும் கட்சிகளின் வழக்கமே சட்டம் போலத் தோற்றம் கொண்டுவிட்டது. இதற்கு மறுப்பாக ஒரு வழக்கை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும்.

1957 பொதுத் தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதி. அன்றைய முறைப்படி ஒரு தொகுதியிலிருந்து இருவர் தேர்வாவர். ஒரு இடம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது, மற்றொன்று பொது. மத்தியத் தொழிலாளர் அமைச்சராக இருந்து பதவி விலகியிருந்த வி.வி. கிரி பொது இடத்துக்குப் போட்டியிட்டார். வாக்குகளை எண்ணியபோது பழங்குடி வேட்பாளர்கள் இருவர் முன்னிலையில் இருந்தார்கள். கூடுதல் வாக்கு பெற்றவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் போயிற்று. அடுத்த இடத்தில் இருந்த திப்பல சூரி தோரா, கிரியைவிட அதிக வாக்கு பெற்றிருந்ததால், பொது இடத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டார். ஒதுக்கீட்டு இடத்திற்கென்று மனு செய்தவர் பொது இடத்தை எப்படிப் பெறலாம் என்று கேட்டு கிரி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1959இல் நீதிமன்றம் அவருடைய வாதத்தை ஏற்க மறுத்தது. பழங்குடியினர் என்பதால் கிடைக்கும் ஒதுக்கீடு கூடுதல் உரிமை. அதனால் குடிமகன் என்ற பொது உரிமை பறிபோவதில்லை. தோற்ற கிரி பத்தாண்டுகள் கழித்துக் குடியரசுத் தலைவரானார். இரட்டை உறுப்பினர் தொகுதிகளோ 1961இல் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டன. ஒதுக்கீட்டுக்கு வெளியேயும் பழங்குடியினர் வெல்லக்கூடிய ஒரு முறை, இவ்வளவு விரைவாக ஒழிந்தது தற்செயல்தானா என்ற கேள்வியை மாணவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

உரிமை இருக்கிறது, இடம் இருக்கிறதா? தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் 7 பட்டியல் சாதியினருக்கானவை. பழங்குடியினருக்கு ஒன்றுகூட இல்லை. காரணம் வெறும் கணக்கு. அரசமைப்பின் 330ஆம் உறுப்பு, மாநில மக்கள்தொகையில் பழங்குடியினரின் விகிதத்திற்கேற்ப இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடி மக்கள் 7,94,697 பேர், அதாவது 1.1 சதவீதம். 39 இடங்களில் அது 0.43. அரைக்குக் கீழே என்றால் பூச்சியம். ஏறத்தாழ எட்டு லட்சம் மக்கள் ஒரு பின்னத்திற்குள் காணாமல் போகிறார்கள். மாநிலங்களவையிலோ யாருக்குமே ஒதுக்கீடு கிடையாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 4ஆம் பிரிவு, மக்களவையின் பழங்குடித் தொகுதியில் போட்டியிட "அந்த மாநிலத்தின் அல்லது வேறு எந்த மாநிலத்தின்" பழங்குடியினராக இருந்தாலும் போதும் என்கிறது. எனவே ஜவ்வாது மலையின் மலையாளி ஒருவர் ஆந்திராவின் அரக்கு தொகுதியிலோ கர்நாடகத்தின் பெல்லாரியிலோ பழங்குடி வேட்பாளராக நிற்கலாம். சொந்த மாநிலத்தில் அப்படி நிற்க ஓர் இடமும் இல்லை.

சட்டமன்றத்தில் 234 இடங்களில் பழங்குடியினருக்கு இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். அதுவும் 2001 கணக்கெடுப்பின் 1.04 சதவீதத்தை வைத்துக் கிடைத்த இரண்டு. 2011 விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால் 2.58 வருகிறது, அதாவது மூன்று. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியிருப்பதால், வருங்காலக் கணக்கெடுப்பில் விகிதம் இன்னும் உயரலாம். தொகுதி மறுவரையறை எந்தக் கணக்கெடுப்பின் அடிப்படையில் எப்போது நடந்தாலும், மூன்றாவது இடத்துக்கான வாதம் வலுவானது. மக்களவையிலும் தமிழ்நாட்டின் இடங்கள் 46ஐத் தொட்டால், 1.1 சதவீதம் அரையைத் தாண்டிவிடும். தென்மாநிலங்கள் இடங்களை இழக்கக் கூடாது என்ற குரல் இங்கே எல்லாக் கட்சிகளிடமும் ஓங்கி ஒலிக்கிறது. அந்த இடங்களுக்குள் பழங்குடிக்கு எத்தனை என்ற கேள்வியை அந்த மேடைகளில் நான் கேட்டதில்லை.

மூன்றாவது இடம் வந்தாலும் அது ஜவ்வாது மலைக்கு வருமா? பழங்குடித் தொகுதிகளை, பழங்குடியினர் விகிதம் மிக அதிகமாக உள்ள பகுதிகளில் அமைக்க வேண்டும் என்கிறது மறுவரையறைச் சட்டம். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம் மலையாளிகள். 2011இல் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். அவர்களுடைய முக்கியமான வாழிடங்களில் ஜவ்வாது மலையும் ஒன்று. ஆனால், மலையை ஆட்சி எல்லைகள் கூறுபோட்டு வைத்திருக்கின்றன. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள். ஜமுனாமரத்தூர்ப் பகுதி கலசப்பாக்கம் சட்டமன்றத் தொகுதியிலும், பீஞ்சமந்தை பக்கம் அணைக்கட்டிலும், புதூர்நாடு திருப்பத்தூரிலும் சேர்ந்து கிடக்கின்றன. மக்களவைக்கு வந்தால் மலையின் ஒரு பகுதி திருவண்ணாமலைத் தொகுதி, மற்றொரு பகுதி வேலூர். எங்கே பார்த்தாலும் மலைவாழ் மக்கள் சமவெளி வாக்காளர்களின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறுபான்மை. ஒரே மலை, ஒரே மக்கள், மூன்று மாவட்டங்களின் கடைசிப் பக்கம். மறுவரையறை ஆணையம் வரைவை வெளியிட்டு ஆட்சேபனை கேட்கும்போது, இந்தக் கூறுகளை ஒன்றுசேர்க்கக் கோரும் மனு மலையிலிருந்தே போக வேண்டும். அந்த மனுவை எழுதப் போகிறவர்கள் இன்றைய கல்லூரி மாணவர்கள்தான். வேறு யாரும் எழுதித் தரப் போவதில்லை.

தனித்தொகுதியில் நிற்கச் சான்றிதழ் வேண்டும். வைப்புத்தொகைச் சலுகைக்கும் அதுவே வேண்டும். தமிழ்நாட்டில் 1989 நவம்பர் முதல் பழங்குடிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் வட்டாட்சியரிடமிருந்து கோட்டாட்சியர் நிலைக்கு உயர்த்தப்பட்டது. போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு, உண்மையான பழங்குடியினரை ஆண்டுக்கணக்கில் அலைய வைக்கும் ஏற்பாடாகவும் ஆனது. போதாக்குறைக்கு, மலையாளிகளுக்குப் பழங்குடித் தகுதி மாவட்ட வாரியாகவே தரப்பட்டிருக்கிறது: பழைய வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், தர்மபுரி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை. ஈரோட்டின் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகள் இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுடைய கோரிக்கை நீண்டகாலமானது. தலித்துகளின் நிலையில் வேறொரு முள். 1950ஆம் ஆண்டு ஆணையின்படி இந்து, சீக்கியர், பௌத்தர் அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. எனவே கிறித்தவ தலித்துக்குத் தனித்தொகுதி இல்லை. கேரளத்தின் தேவிகுளத்தில் வென்ற தமிழ் வம்சாவளிச் சட்டமன்ற உறுப்பினர் அ. ராஜாவின் தேர்தல், இதே கேள்விகளின் பேரில் 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டு, 2025 மே மாதத்தில்தான் உச்ச நீதிமன்றத்தால் மீட்கப்பட்டது. தேர்தலில் வென்ற பிறகும் சாதியை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய சுமை யாருக்கு விதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பணத்தைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. மக்களவை வேட்பாளருக்கு வைப்புத்தொகை 25,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு, எந்தத் தொகுதியில் நின்றாலும், 12,500. 2024 தேர்தலின்போது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் ஒருநாள் கூலி 319 ரூபாய். அதாவது சலுகை வைப்புத்தொகையே 39 நாள் உழைப்பு. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது திரும்பாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரே ஒரு முன்மொழிபவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர். இந்தத் தடைகளைத் தாண்டிவிடலாம். ஊர் கூடினால் நடக்கும். ஆனால், ஒரு வேட்பாளர் 95 லட்சம் வரை செலவிடலாம் என்று அனுமதிக்கும் களத்தில், 12,500 ரூபாய் கட்டியவர் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி.

அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 102ஆம் உறுப்பு, அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவரைத் தகுதியிழக்கச் செய்கிறது. நோக்கம் சரியானதே, அரசைக் கண்காணிக்க வேண்டியவர் அரசின் சம்பளத்தில் இருக்கக் கூடாது. ஆனால், முதல் தலைமுறையாகப் படித்துவரும் ஒரு பழங்குடிச் சமூகத்தில் படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஆசிரியர்களாக, செவிலியராக, கிராம நிர்வாக அலுவலராக, காவலராக, வனக் காவலராக அரசு வேலையில் இருக்கிறார்கள். இடஒதுக்கீடு அவர்களைத் தூக்கிவிட்ட படியே அரசியலிலிருந்து அவர்களைப் பிரித்துவிடுகிறது. நடத்தை விதிகள் வாயையும் கட்டிவிடுகின்றன. ஆதிக்கச் சாதிகளின் படித்தவர்களுக்கு நிலமும் வணிகமும் தனியார் தொழிலும் இருக்கின்றன. வேலையை விடாமலே வேட்பாளராகலாம். வேலையா வேட்புமனுவா என்ற தேர்வு மலைப் பட்டதாரிக்கு முன்னால் மட்டும் வந்து நிற்கிறது. நீதிபதி ஆன பெண்ணைக் கொண்டாடும் நாம், இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

அதே 102ஆம் உறுப்பில், நொடித்துப்போனவர் என்று நீதிமன்றம் அறிவித்து அதிலிருந்து விடுபடாதவரும் தகுதியிழப்பார். சில கையேடுகள் இதை "கடனாளியாக இருக்கக் கூடாது" என்று சுருக்கிவிடுகின்றன. மகளிர் குழுக் கடன் இல்லாத வீடு மலையில் எது? கடன் வாங்கியவர் வேறு, திவாலானவர் வேறு. ஒரு சொல்லின் சோம்பேறித்தனம் ஒரு கிராமத்தையே தகுதியற்றதாக நம்பவைத்துவிடும்.

வழக்குகள் பற்றிய அச்சத்துக்கும் இந்த மலையில் காரணம் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மலைவாழ் மக்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். செம்மரம் வெட்டச் சென்றதாக ஆந்திரச் சிறைகளில் அடைக்கப்பட்டவர்களின் குடும்பங்களை இன்றும் மலையில் சந்திக்கலாம். வழக்கு இருந்தாலே தேர்தலில் நிற்க முடியாது என்று அவர்கள் நம்புகிறார்கள். முதல் தகவல் அறிக்கையோ, குற்றப்பத்திரிகையோ, விசாரணைக் கைதியாக இருப்பதோ தகுதியிழப்பு அல்ல. தண்டனைதான் தகுதியிழப்பு. சிறையில் இருப்பவர் போட்டியிடவும் முடியாது என்று 2013 சூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த நிலையை மாற்றியது. விளைவு விசித்திரமானது: தடுப்புக் காவலில் இருப்பவரைத் தவிர, சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது, போட்டியிடலாம். 2024இல் காஷ்மீரின் பாராமுல்லாவிலிருந்து பொறியாளர் ரஷீத் திகார் சிறையில் இருந்தபடியே மக்களவைக்குத் தேர்வானார்.

தண்டனை பற்றிய 8ஆம் பிரிவில்தான் நமக்கு நேரடியான அக்கறை உள்ள ஒரு ஓட்டை இருக்கிறது. இந்தப் பிரிவு குற்றங்களை வகை பிரித்துப் பார்க்கிறது. 8(1)இல் பட்டியலிடப்பட்ட குற்றங்களுக்கு, தண்டனையின் அளவு எதுவானாலும், அபராதம் மட்டுமே என்றாலும், ஆறு ஆண்டுகள் தகுதியிழப்பு; சிறை என்றால் விடுதலைக்குப் பிறகும் ஆறு ஆண்டுகள். அந்தப் பட்டியலில் இல்லாத பெரும்பாலான குற்றங்களுக்கு, தண்டனை இரண்டாண்டுச் சிறை அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டுமே தகுதியிழப்பு. தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் பட்டியலில் இருக்கிறது. தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்ததற்காக அச்சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டவர்கூட ஆறாண்டு போட்டியிட முடியாது. நல்லது. ஆனால், அதைவிடக் கொடிய குற்றங்களுக்கென்று வந்த 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

இதன் பொருளை நிதானமாக எண்ணிப் பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)ஆம் பிரிவுக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனை ஆறு மாதம், அதிகபட்சம் ஐந்தாண்டு. தலித் ஒருவரின் வாயில் மலத்தைத் திணித்தவர், பழங்குடியினரின் நிலத்தை அபகரித்தவர், தலித் பெண்ணை ஆடை களைந்து இழுத்துச் சென்றவர் ஆகியோருக்கு நீதிமன்றம் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ தண்டனை விதித்தால், அவர் மறுநாளே வேட்புமனு தாக்கல் செய்யலாம். களத்தில் இன்று தீண்டாமைப் புகார்கள் பெரும்பாலும் 1989 சட்டத்தின் கீழேதான் பதியப்படுகின்றன. ஊரில் எல்லோரும் "பி.சி.ஆர். கேஸ்" என்று சொல்வது அதைத்தான், பெயர் பழைய சட்டத்தினுடையது, வழக்கு புதிய சட்டத்தினுடையது. ஆக, பெயரில் இருக்கும் சட்டம் தகுதியிழக்கச் செய்கிறது, நடைமுறையில் இருக்கும் சட்டம் செய்வதில்லை. தேசியக் கொடி அவமதிப்பும் உடன்கட்டைத் தடுப்புச் சட்டமும் இடம்பெற்றிருக்கும் ஒரு பட்டியலில், 1989 முதல் இன்றுவரை பலமுறை திருத்தப்பட்ட ஒரு சட்டத்தில், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்க்க ஒரே ஒரு வரி போதும். நாடாளுமன்றத்தில் இருக்கும் 84 பட்டியல் சாதித் தொகுதி உறுப்பினர்களும் 47 பழங்குடித் தொகுதி உறுப்பினர்களும் கட்சி கடந்து இந்த ஒரு வரியைக் கேட்க வேண்டும். அவர்களிடம் கேட்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

வயதுக்குத் திரும்புவோம். வாக்களிக்கும் வயது 1989இல் 21லிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. போட்டியிடும் வயது அப்படியே நின்றுவிட்டது. 2023 ஆகஸ்டில், சட்டம் நீதி தொடர்பான நாடாளுமன்ற நிலைக்குழு மக்களவைக்கான வயதை 18ஆகக் குறைக்கலாம் என்று பரிந்துரைத்தது. தேர்தல் ஆணையம் உடன்படவில்லை. 18 வயதினரிடம் அதற்கான முதிர்ச்சியை எதிர்பார்க்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. என் பார்வையில் 21 ஒரு நியாயமான நடுவழி. ஊராட்சித் தலைவராகவும் நகராட்சி உறுப்பினராகவும் 21 போதும் என்று இருக்கிறதே. ஆனால், வயதைக் குறைத்தால் முதலில் பயன்பெறுவது அரசியல் குடும்பங்களின் வாரிசுகளே என்ற ஐயத்தையும் நான் புறந்தள்ளவில்லை. மலையின் 21 வயதுப் பெண்ணுக்கு அது பயன்பட வேண்டுமென்றால் தொகுதியும் சான்றிதழும் பணமும் பற்றிய மேற்கண்ட கேள்விகளுக்கும் விடை வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய தகுதி ஒன்று இருக்கிறது; பாடநூல் அதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. வாக்காளர் பட்டியலில் பெயர். பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால் வாக்கு மட்டும் போவதில்லை. 4ஆம் பிரிவின்படி போட்டியிடும் தகுதியும் போகிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்கப்பட வேண்டும். கேரளத்திற்கும் கர்நாடகத்திற்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போய், மழை பார்த்துத் திரும்பும் குடும்பங்களின் மலை இது. படிவத்தோடு அலுவலர் வந்த நாளில் கதவு பூட்டியிருந்தால், அந்த வீடு "குடிபெயர்ந்தவர்" ஆகிவிடும். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் கதையும் இதுவே.

எனவே வகுப்பறையில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர்களுக்கும் கல்லூரி வாசகர் வட்டங்களை நடத்தும் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 25, 30 என்று எழுதிப் போடும் அதே கரும்பலகையில், மாணவர்கள் தங்கள் வீட்டாரின் பெயர் பட்டியலில் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்பதையும் எழுதட்டும். வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26ஐ அச்சிட்டுக் கொடுத்து, தங்களை வேட்பாளராகக் கருதி அவர்களே நிரப்பிப் பார்க்கட்டும். சொத்து என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவர்கள் கேட்கும் கேள்வியிலிருந்து வன உரிமைச் சட்டம் வரை பேசலாம். 17 வயது நிறைந்த எவரும் படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுக்கலாம். சனவரி 1, ஏப்ரல் 1, சூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு நாட்களில் எதில் 18 நிறைகிறதோ, அப்போது பெயர் சேரும். பெயர் இல்லை என்று தெரிந்தால் அந்த வாரமே வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.